பழைய ஆயில் இன்ஜின் எங்கே தேய்ந்திருக்கிறது?

மேட்டூர் அணை திறந்தாலும் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்துக் கடைமடையில் பல வயல்களுக்குத் தண்ணீர் தானாக ஏறாது. வாய்க்காலில் தாழ்வாக ஓடுவதை இறைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஐப்பசி மழையில் பயிர் மூழ்கினால் அதே இன்ஜினை வைத்து வெளியே இறைக்க வேண்டும். அதனால் பழைய டீசல் இன்ஜின்கள் இங்கே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்கிவந்தவர் சொல்லும் குறையும் அநேகமாக ஒன்றுதான்: "எவ்வளவு சுத்தினாலும் ஸ்டார்ட் ஆகலை." உடனே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மாற்றச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 17-இல் ஒரு பங்காக அழுத்தும்போது அதன் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டும். அதில் பீய்ச்சிய டீசல் தானே பற்றிக்கொள்ளும். காற்று கசிந்தால் அந்தச் சூடு வராது. இந்த அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், இருக்கும் இன்ஜினில் சுற்றும் ஹேண்டில் ஓரிடத்தில் கையை எதிர்த்துத் தள்ளும். வழுக்கிக்கொண்டு போனால் கசிவு இருக்கிறது.

எங்கே? டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஆயில் ரிங் இடுக்கை அடைக்கும். இப்போது ஹேண்டில் இறுகினால் கோளாறு ரிங்கிலோ, பிஸ்டன் ஓடும் உருளைச் சுவரான லைனரிலோ. இறுகவில்லையா, வால்வையோ, மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டையோ பாருங்கள். அதிகமாக ஊற்றிவிடாதீர்கள், ஆயில் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

லைனர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் இன்ஜினில் பிஸ்டன் நொடிக்கு 25 முறை உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று திரும்புகிறது. ஆயில் படலத்தைத் தாங்கி நிற்பது பிஸ்டனின் ஓட்டம்தான். அது நிற்கும் இடத்தில் படலம் மெலியும்; டீசல் வெடிக்கும் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அழுத்துவதும் அங்கேதான். ரிங் எட்டாத மேல் விளிம்பு மட்டும் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். ஹெட்டைக் கழற்றி நகத்தால் தடவுங்கள். நகம் நன்றாகத் தட்டினால் வெறும் ரிங் மாற்றுவது வீண்செலவு. லைனரையும் பிஸ்டனையும் செட்டாக மாற்ற வேண்டும்.

டெல்டாவில் இந்தத் தேய்மானத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பம்ப் தண்ணீரையே இன்ஜினுக்குள் விட்டுக் குளிரவைக்கிறோம். தண்ணீர் தாராளமாகக் கிடைப்பதால் குழாயை முழுக்கத் திறந்துவிடுகிறோம். லைனர் சில்லென்று இருந்தால் எரியாத டீசல் சுவரில் படிந்து ஆயிலைக் கழுவிவிடும். எரியும்போது உண்டாகும் நீராவியும் அங்கே குளிர்ந்து, கந்தகப் புகையோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். 2020 ஏப்ரலிலிருந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்பதால் அமிலம் குறைந்துவிட்டது. ஆயில் கழுவப்படுவது குறையவில்லை. வெளியே வரும் தண்ணீர் சுமார் 60 டிகிரி இருக்கட்டும், அதாவது விரல் வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு. அந்த அளவுக்குக் குழாயைக் குறையுங்கள், ஒருபோதும் அடைக்காதீர்கள்.

அப்புறம், அறுவடை நேரத்தில் பதர் பறக்கும் களத்துப் பக்கம் இன்ஜினை ஓட்டினால் ஏர் ஃபில்டரை அன்றன்றே சுத்தம் செய்துவிடுங்கள்.