டெக்சாஸில் மாவட்ட நீதிபதி தேர்தலில் நிற்க என்ன வேண்டும்?

டெக்சாஸ் மாநிலத்தில் கொலை வழக்கு, விவாகரத்து, பெரிய சிவில் வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட நீதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டில் பெயரோடு கட்சியும் இருக்கும். பதவிக்காலம் 4 ஆண்டு. இங்கே மாவட்டம் என்பது அந்த நீதிமன்றத்தின் எல்லை; கவுன்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவு. 'கவுன்டி ஜட்ஜ்' என்பது வேறு பதவி. அவர் கவுன்டி நிர்வாகத்தின் தலைவர், சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பெயரைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய.

அமெரிக்கக் குடியுரிமை, டெக்சாஸ் வழக்கறிஞர் உரிமம், அந்த மாவட்டத்தில் 2 ஆண்டு குடியிருப்பு ஆகியவை அடிப்படைத் தகுதி. முன்பு 4 ஆண்டு அனுபவம் போதுமாக இருந்தது. 2021இல் வாக்காளர்கள் ஏற்ற அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின், 2025 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதவிக்கு வருவோருக்கு வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ 8 ஆண்டு வேண்டும். அந்த 8 ஆண்டில் உரிமம் இடைநிறுத்தப்பட்டிருக்கவும் கூடாது.

பணத்தைத் தொடுவதற்கு முன் பிரசாரப் பொருளாளரை நியமிக்கும் படிவத்தை தேர்தல் பணத்தைக் கண்காணிக்கும் மாநில எதிக்ஸ் கமிஷனில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் ஒரு டாலர் வாங்கினாலும் செலவழித்தாலும் விதிமீறல். நன்கொடைக்கும் வரம்பு உண்டு. மாவட்ட மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேல் என்றால், ஒரு தேர்தலுக்கு ஒருவரிடம் 5,000 டாலர் வரை வாங்கலாம். இரண்டரை லட்சம் முதல் 10 லட்சம் வரை 2,500, அதற்கும் கீழே 1,000. நன்கொடை தருவோரில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள்; நாளை அதே நீதிபதி முன் வாதாடப் போகிறவர்கள். வரம்பு வைத்தும் இந்த நெருடல் தீரவில்லை.

வேட்பு மனு கட்சியிடம் போகும். மாவட்டம் ஒரே கவுன்டிக்குள் என்றால் கவுன்டி கட்சித் தலைவரிடம், பல கவுன்டிகளில் பரவியிருந்தால் மாநிலத் தலைவரிடம். ஒற்றைப்படை ஆண்டு டிசம்பரின் இரண்டாம் திங்கள் மாலை 6 மணி கடைசி நேரம். 2026 தேர்தலுக்கு அது 2025 டிசம்பர் 8. கட்டணம் 1,500 டாலர். ஹாரிஸ், டாலஸ், டாரன்ட், பெக்ஸார் கவுன்டிகளில் 2,500 டாலரோடு 250 வாக்காளர் கையெழுத்தும் வேண்டும்.

மனுக்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்தக் கையெழுத்தில்தான். போட்டியிடும் நீதிமன்ற எண் தாளில் தவறாக இருக்கும். கையெழுத்திட்டவர் வேறு மாவட்ட வாக்காளராக இருப்பார். பிறந்த தேதியோ கையெழுத்திட்ட தேதியோ விடுபட்டிருக்கும். கையெழுத்து வாங்கியவரின் நோட்டரி உறுதிமொழி அரைகுறையாக இருக்கும். எதிராளி ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பார். கடைசி நேரம் தாண்டிவிட்டால் மனுவைத் திருத்த முடியாது. அதனால் 250க்குப் பதில் 400 வாங்குங்கள், சில வாரம் முன்பே கொடுங்கள். பிழை தெரிந்தால் புதிதாகப் போட நேரம் இருக்கும்.

கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலான பிரைமரி மார்ச் முதல் செவ்வாய். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்குள் மே மாத இறுதியில் மறுதேர்தல். ஒரு கட்சி பலமாக இருக்கும் கவுன்டியில் பிரைமரியே உண்மையான தேர்தல். போட்டி நெருக்கமான இடத்தில் முடிவு கட்சி அலையோடு போகும்: 2018இல் ஹாரிஸ் கவுன்டியில் 59 நீதிபதிப் பதவிகளையும் ஜனநாயகக் கட்சியே பிடித்தது. ஒரே குறியில் கட்சி முழுவதற்கும் வாக்களிக்கும் வசதி 2020இல் நின்றது. நீளமான சீட்டில் நீதிபதி வரிசை வரும்போது தெரிந்த பெயர் எதுவும் இல்லாததால், பலர் இன்னமும் கட்சியைப் பார்த்தே குறிக்கிறார்கள்.

மேடையில் கட்சிக்கு ஆதரவு என்று சொல்லலாம். வேறு வேட்பாளரை ஆதரித்துப் பெயர் கொடுக்கக் கூடாது. குறிப்பிட்ட வகை வழக்குகளில் இப்படித் தீர்ப்பேன் என்று வாக்குறுதி தரவும் கூடாது. விளம்பரத்திலும் கவனம் தேவை. பதவியில் இல்லாதவர் பெயரோடு பதவியைப் போட்டால், இடையே 'ஃபார்' (for) என்ற சொல் வர வேண்டும், பதவிப் பெயரின் எழுத்தில் பாதி அளவுக்காவது. ஆளுநர் நியமித்து நாற்காலியில் இருப்பவர் முதல் தேர்தலில் 'ரீ-எலெக்ட்' (மீண்டும் தேர்ந்தெடுங்கள்) என்று அச்சடித்தால் அதுவும் தவறு.