குட்டிதானே என்று தொட்டுவிடாதீர்கள்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எங்கள் ஈசூன் கிளினிக்கில் பயணத் தடுப்பூசிக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். இப்போது தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீபியா போகிறவர்களும் உண்டு. கேட்பதெல்லாம் வெயிலைப் பற்றித்தான். எந்த சன்ஸ்கிரீன், உப்புக் கரைசல் எத்தனை பாக்கெட்?

ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் சிரிக்கிறார்கள். அங்கே கடற்கரையோரம் இருக்கும் ஸ்கெலிட்டன் கோஸ்ட் தேசியப் பூங்கா பாலைவனம்தான், ஆனால் குளிரும். கரையை ஒட்டி ஓடும் பெங்குவேலா குளிர் நீரோட்டம் கடற்காற்றைப் பனிமூட்டமாக்கிவிடும், மழையாக விடாது. தலைகீழாக நின்று, முதுகில் படிந்த பனியை வாய்க்கு வழியவிட்டுக் குடிக்கும் வண்டுகூட அந்தப் பாலைவனத்தில் இருக்கிறது. அதே நீரோட்டத்தில் மீன் கொழிக்கிறது. மீனுக்காகக் கடல்நாய்கள், கடல்நாய்க் குட்டிகளுக்காகக் குள்ளநரிகளும் பழுப்புக் கழுதைப்புலிகளும்.

பூங்காவுக்குத் தெற்கே இருக்கும் கேப் கிராஸில் நவம்பர், டிசம்பர் குட்டி ஈனும் காலம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடல்நாய்கள், குடலைப் புரட்டும் நாற்றம், காலடிக்குப் பக்கத்திலேயே குட்டிகள். என் கவலை இங்கேதான்.

சிங்கப்பூரில் 1953 முதல் ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், கிடையாது. அந்தப் பயமே தெரியாமல் வளர்ந்தவர்கள் நாம். பீஷான் பூங்காவில் நீர்நாய்க்குப் பின்னால் கைப்பேசியோடு ஓடுகிற பழக்கம் விமானமேறி நம்மோடு வந்துவிடுகிறது.

போன ஜனவரியில், கேப் கிராஸ் போய்த் திரும்பி இருமலுக்கு வந்த ஒருவரின் புறங்கையில் காய்ந்துபோன இரண்டு பல் தடம்.

"சின்னக் குட்டி டாக்டர், நடைபாதைக்கே வந்திருச்சு, தொட்டுப் பார்த்தேன். நாயா இருந்தா பயந்திருப்பேன்."

கடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பாட்டில் தண்ணீரில் அலசி டிஷ்யூ சுற்றியதோடு சரி.

2024-ல் தென்னாப்பிரிக்கக் கரையில் இதே இனக் கடல்நாய்களிடம் ரேபிஸ் உறுதியானது. நமீபியாவின் குள்ளநரிகளுக்கும் குடு மான்களுக்கும் அது பழைய வியாதி. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. வருவதற்கு முன்னால் ஊசி தொடங்கினால் தப்பிக்கலாம், நாள் கடந்திருந்தாலும் தொடங்கத்தான் வேண்டும். அவரை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினேன். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) போட்டார்கள், கூடவே தடுப்பூசியின் முதல் டோஸ்.

கடித்தாலோ கீறினாலோ முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். குழாயடியில் கையை நீட்டி நின்று பாருங்கள், எவ்வளவு நேரம் என்று அப்போதுதான் தெரியும். பைக்குள் ஒரு சோப்புக்கட்டி இருக்கட்டும். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே டாக்டரிடம் பேசி முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. போட்டவர்களுக்கும் கடித்தபின் ஊசி உண்டு, ஆனால் குறைவு. முக்கியமாக, இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. மணலும் உப்புச் சாலையுமாகக் கிடக்கும் அந்தக் கரையில் அதை எங்கே போய்த் தேடுவது?

எல்லா ஊசியும் முடிந்த பிறகு அவர் அங்கே எடுத்த குட்டியின் படத்தைக் காட்டினார். குட்டி அழகுதான். அதற்குப் பத்தடி பின்னால் ஒரு குள்ளநரி நின்றுகொண்டிருந்தது. நான் சுட்டிக்காட்டும்வரை அவர் அதைப் பார்க்கவே இல்லையாம்.