ஒரு மீட்டர் வற்றத்துக்கு என்ன பயம்?

திருவொற்றியூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். அதற்குப் போய் எண்ணூர் முகத்துவாரத்தை ராத்திரியில் சின்னப் படகில் தாண்டப் பயப்படுகிறார்களே, ஏன்?"

ஒரு மீட்டர் என்பது சரிதான். ஆனால் கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் சுற்றியுள்ள கழிகளிலும் ஏறிய தண்ணீர் முழுக்க வற்றத்தில் ஒரு குறுகலான வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வாய் சிறுத்திருந்தால் உள்ளே வடிவதற்குள் வெளியே கடல் இறங்கிவிடும். உள்ளுக்கும் வெளிக்கும் வெறும் 10 செ.மீ. உயர வித்தியாசம் போதும். உராய்வைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் தண்ணீர் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் ஓடும். துடுப்பு போடுகிறவர் எதிர்த்துப் போனால் நின்ற இடத்திலேயே நிற்பார்.

சரி, நீரோட்டத்தை இன்ஜின் சமாளிக்கும். அலையை?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 8 நொடிக்கு ஒன்றாகக் கரைக்கு வரும் அலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்துக்கு நேரே தண்ணீருக்கடியில் குவிந்திருக்கும் மணல்திட்டின் மேல் ஆழம் 2 மீட்டர் என்றால் அலை நொடிக்கு 4.4 மீட்டர் ஓடும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 35 மீட்டர் இருக்கும். இப்போது எதிரே வற்ற நீர் 1.4 மீட்டர் வேகத்தில் வருகிறது. அலையின் வேகம் 3 மீட்டராகக் குறைந்துவிட்டது. பின்னால் வருகிற அலை மட்டும் நிற்காது, அதே 8 நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். சுங்கச்சாவடிக்கு முன்னால் லாரிகள் நெருங்குவதைப் போல முகடுகள் நெருங்கி, 35 மீட்டர் 24 ஆகும். அப்புறம், எதிர்நீரை உந்தி முன்னேறும்போது அந்த நீரோட்டத்தின் சக்தியிலும் கொஞ்சம் அலைக்குள் போய்விடும். அதனால் உயரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். நீளம் சுருங்கி உயரம் கூடினால் சரிவு இரண்டு மடங்குக்கு மேல். கடலில் தொட்டில்போல ஆட்டிய அதே அலை இங்கே சுவராக எழுந்து உடைகிறது.

கடலிலிருந்து உள்ளே வரும் படகுக்குத்தான் ஆபத்து அதிகம். பின்னாலிருந்து பார்த்தால் அலையின் வழவழப்பான முதுகு மட்டுமே தெரியும், உடைவது தெரியாது. பின்பக்கத்தை அலை தூக்கும்போது முன்பக்கம் பள்ளத்தில் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் வேண்டும். ஒருமுறை செல்போன் வெளிச்சத்தைப் பார்த்தால் அதெல்லாம் போச்சு. மணல்திட்டும் போன மாதம் இருந்த இடத்தில் இருக்காது. சென்னைத் துறைமுகம் கட்டியதும் தெற்கே மெரினா அகலமாகி, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததே, கரையோரமாக வடக்கே நகரும் அந்த மணல் ஓட்டம்தான் இங்கேயும்.

அமாவாசை நள்ளிரவில் முகத்துவாரத்தில் பேய் படகை இழுக்கும் என்றால் நான் சிரிக்கமாட்டேன், நேரத்தைக் கேட்பேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சென்னையில் ஏற்றம் உச்சத்தைத் தொடுவது இரவு ஒன்பதை ஒட்டி. பிறகு விடியற்காலை மூன்று மணி வரை வற்றம், அதுவும் மாதத்திலேயே பலமான வற்றம். பௌர்ணமிக்கும் அதே இழுப்புதான். நிலா வெளிச்சம் இருப்பதால் அன்றைக்குப் பேய் லீவு. முகத்துவாரத்தின் ஆழத்தை வாரம் ஒருமுறை அளந்து மீன் இறங்குதளத்தில் ஒரு பலகையில் எழுத எத்தனை ரூபாய் ஆகும்? செயற்கைக்கோள் விடுகிற நாட்டில் இந்தச் சில்லறைக் காசு கிடைக்காதது எனக்கு எரிச்சல்.

ஒரு இரவு, ஃபைபர் படகில் கூட்டிப்போன பெரியவர் முகத்துவாரத்துக்கு வெளியே இன்ஜினை நிறுத்திவிட்டார். "என்னண்ணே ஆச்சு?" என்றேன்.

"கம்முனு இருப்பா, எண்ணினு கீறேன்."

இருட்டில் அலை உடையும் சத்தம். பெரிய அலைகள் வரிசையாக வந்து போய், சற்று அடங்கும் இடைவெளிக்குக் காத்திருந்தார். மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு நங்கூரத்தைப் போட்டார். தண்ணீர் திரும்பும் வரை அங்கேயே கிடந்தோம்.