கொக்கின் இடுப்பில் ஒரு நீர்மட்டம்

ஆடி மாதத்துக் கச்சான் காற்று மட்டக்களப்பின் படுவான்கரையில் வரம்பில் நடக்கும் ஆளையே தள்ளிவிடும். அப்படியொரு மாலையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயல் வட்டைக்குள் மருமகளோடு நடந்தேன். ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டே கூட வந்தது. பகலெல்லாம் மாடுகளின் பின்னால் திரிந்த உண்ணிக்கொக்குகள், வாய்க்கால் ஓரத்து மருத மரத்தில் வந்து இறங்கின. கிளை ஆட, அவையும் ஆடின.

"நித்திரையில விழுந்திராதா மாமா?" என்றாள்.

எங்களுக்குப் பள்ளியில் சொன்ன பதில் தசைநாண். வெட்டிய கோழிக்காலில் வெள்ளை நாணை இழுத்து விளையாடியவர்களுக்குத் தெரியும், விரல்கள் தானாக மடங்கும். பறவை குந்தினால் கால் மடியும், நாண் இழுபடும், விரல்கள் கிளையைப் பூட்டிக்கொள்ளும் என்பார்கள். நாணில் சொரசொரப்பும் அதன் உறையில் வரிகளும் உண்டு; கேபிள் டை போலப் பற்றும். பருந்து இரையைப் பிடிக்க அந்தப் பூட்டு உதவுகிறது, சரி. ஆனால் மைனாவுக்கு உறவான ஐரோப்பியப் பறவை ஒன்றைத் தூக்கத்தில் கவனித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. தள்ளாடும்போது எப்போதாவது சரிசெய்வதைத் தவிர, விரல்கள் கிளையை இறுக்கவில்லை. உள்ளங்காலில் பாரத்தை வைத்து, சமநிலையில்தான் அது தூங்கியது. நாணை அறுத்த பிறகும் கிளையில் நின்றது!

அந்தச் சமநிலை எங்கிருந்து வருகிறது? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நமக்கும் உண்டு. ஆனால் அது சொல்வது தலையின் சரிவை. தலையைத் திருப்பி முதுகுச் சிறகுக்குள் புதைத்த பறவைக்கு உடம்பின் சரிவை யார் சொல்வது?

எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பறவையின் இடுப்பில் முள்ளெலும்புகள் ஒன்றாய் ஒட்டியிருக்கும். அதன் உட்கூரையில் குறுக்குக் குறுக்காக வாய்க்கால்கள் ஓடுகின்றன, நம் காதின் அரைவட்டக் குழாய்கள் போலவே. உள்ளே திரவம். தண்டுவடத்தின் இரு பக்கமும் நரம்புக் கலங்களால் ஆன சின்னச் சின்ன முண்டுகள் அந்தத் திரவத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உடம்பு சாய்ந்தால் திரவம் அசையும், முண்டு அதை உணரும், பக்கத்திலேயே இருக்கும் கால் நரம்புகளுக்குச் செய்தி போகும் என்று கருதுகிறார்கள். மேசன் சுவரில் வைக்கும் நீர்மட்டத்தை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிவது மாதிரி. ஜெர்மானிய ஆய்வாளர் ரைன்ஹோல்ட் நெக்கரின் குழு புறாக்களில் இந்தத் திரவ அறையைத் திறந்துவிட்டுப் பார்த்தது. அவை ஒழுங்காகப் பறந்தன; நடக்கத்தான் தடுமாறின, இருட்டில் இன்னும் மோசமாக.

புறாவின் இடுப்புத் தண்ணீரைப் பார்க்கவும் காசு கொடுத்திருக்கிறார்களே, அவர்கள் நன்றாக இருக்கட்டும். இங்கே என்றால் முதல் கேள்வியே "இதால என்ன பிரயோசனம்?" என்பதாகத்தான் இருக்கும்.

மருமகள் கண்ணை மூடி, வரம்பில் ஒற்றைக்காலில் நின்று பார்த்தாள். பத்து எண்ணுவதற்குள் சேற்றில் கால். மேலே கொக்குகள் அதற்குள் கழுத்தை மடக்கிவிட்டிருந்தன.