ஒரு மணி நேரம் கிடைக்கட்டும்னு காத்திருக்காதீங்க

போன வாரம் ஒரு பேஷன்ட் போன் பண்ணாரு. "மேடம், லிப்ட் ஓடலையாம், நாளைக்கு வரேன்"னு. என் பிசியோதெரபி கிளினிக் இருக்கறது முதல் மாடி, மொத்தம் 22 படி. அவருக்கு வயசு 44, முட்டில ஒரு பிரச்சனையும் கிடையாது, இடுப்பு வலிக்கு வர்றவரு, சுகர் வந்து மூணு வருஷம் ஆச்சு. இந்த மாசத்துலயே இப்படி எத்தனையோ பேர பாத்துட்டேன், அதான் உக்காந்து எழுதறேன்.

மறுநாள் கேட்டா ஜிம்முக்கு ஒரு வருஷ பணம் கட்டிட்டாராம், ஆபீஸ் வேலைல ஒரு மணி நேரம் சேந்தாப்ல கிடைக்கலயாம், கிடைச்சதும் போவாராம். சரி சார், அதுவரைக்கும் பத்து நிமிஷம் நடங்களேன்னு சொன்னா, "பத்து நிமிஷத்துல என்ன மேடம் ஆகப்போகுது, வேர்வையே வராதே"ங்கறாரு.

இந்தப் பேச்சத்தான் என்னால தாங்கவே முடியல. மே மாச வெயில்ல பஸ் ஸ்டாண்டுல சும்மா நின்னாலே சட்டை நனையுது, அது எக்சர்சைஸா? உடம்பு சூட்ட தணிக்கத்தான் வேர்வை வருது, கொழுப்பு உருகி வழியறது இல்ல அது. மூச்சத்தான் பாக்கணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும்.

சேந்தாப்ல பண்ணாதான் கணக்குங்கறதும் ஒண்ணுமில்லாம வந்ததில்ல. 2010-ல உலக சுகாதார நிறுவனமே ஒரு தடவைக்கு குறைஞ்சது 10 நிமிஷமாவது இருக்கணும்னுதான் சொல்லுச்சு, ஆனா 2020-ல அந்த நிபந்தனைய எடுத்துட்டாங்க. வாரத்துக்கு 150-லேருந்து 300 நிமிஷம், எப்படி பிரிச்சு பண்ணாலும் சரி, ரெண்டு நிமிஷம் மாடி ஏறினதும் அதுல சேரும். 1953-லயே லண்டன் மாடி பஸ்ஸ வச்சு ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் காட்டினாரு, நாள் பூரா படி ஏறி இறங்கின கண்டக்டர்களுக்கு உக்காந்து ஓட்டின டிரைவர்கள விட இதய நோய் குறைவு. டிரைவர்ங்க வேலைல சேரும்போதே இடுப்பு பெருத்துதான் இருந்தாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது, அதனால எல்லாமே படியால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த கண்டக்டர்ங்க யாரும் அதுக்குன்னு தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கல.

அதனால நாலு வீடு தள்ளி இருக்கற மளிகைக்கடைக்கு வண்டிய எடுக்காதீங்க. போன் வந்தா எழுந்து நடந்துகிட்டே பேசுங்க. டீ குடிக்க போறதுக்கு முன்னாடி கை ஊனாம சேர்ல இருந்து பத்து தடவை எழுந்து உக்காருங்க, தொடைக்கு இத விட நல்லது நான் எதுவும் சொல்லித்தரப் போறதில்ல. பாதி பேர் என்கிட்ட வலிக்கு மெஷின்ல கரண்ட் வைக்கத்தான் வர்றாங்க, எக்சர்சைஸ் சொன்னா மூஞ்சி சுருங்குது. சமையக்கட்டுல நாலு மணி நேரம் நிக்கறவங்களே, நிக்கறது வேற, அசையறது வேற. குக்கர் மூணு விசில் வர்ற வரைக்கும் மேடைய புடிச்சுகிட்டு குதிகால தூக்கி தூக்கி இறக்குங்க. ராத்திரி சாப்பிட்டதும் சோபாவுல சாயாம மொட்டை மாடில பத்து நிமிஷம் நடங்க, அப்ப ரத்தத்துல ஏறுற சக்கரைய கால் தசையே இழுத்துக்கும்.

இன்சுலின் போடறவங்க, சுகர் மாத்திரை சாப்பிடறவங்க பாக்கெட்ல நாலு மிட்டாய் வச்சுக்கோங்க. கை நடுங்கி, பொசுக்குன்னு வேர்த்து, கண்ணு இருட்டிச்சுன்னா உக்காந்து உடனே வாய்ல போடுங்க. பாதம் மரத்துப் போனவங்க தயவுசெஞ்சு வெறுங்கால்ல நடக்காதீங்க, சூடு பட்டு கொப்பளம் வந்தது கூட தெரியாம ஒரு வாரம் கழிச்சு வர்றீங்க. நடக்கும்போது நெஞ்ச அடைச்சா, கையோ தாடையோ வலிச்சா அங்கயே நில்லுங்க, கேஸ்னு சோடா குடிச்சுட்டு படுத்துராதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க.

இன்னொண்ணு, வயசானவங்க கையில இருக்கற வேலைய பாசம்னு நினைச்சு புடுங்கறீங்க. "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்"னு ஆறு மாசம் உக்கார வச்சுட்டு, எழுந்திரிக்கவே முடியலன்னு என்கிட்டதான் கூட்டிட்டு வர்றீங்க. அம்மா துணி காயப்போட மாடிக்கு போறேன்னா போகட்டும். ஆடிகிட்டு இருக்கற அந்த மாடிப்படி கைப்பிடிய மட்டும் இந்த ஞாயித்துக்கிழமை ஆள் வச்சு சரி பண்ணிக் குடுங்க.