சுவரில் பூஞ்சை: எந்தச் சோதனைக்குக் காசு கொடுக்கலாம்?

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளி, துணியில் முடைநாற்றம், குழந்தைக்கு ஓயாத இருமல். உடனே எழும் கேள்வி: "இது விஷப்பூஞ்சையா, எந்த லேபில் கொடுக்கலாம்?" கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சைக்கு லேப் வேண்டாம். எந்த இனமானாலும் தண்ணீர் வரும் வழியை அடைத்து, சுவரைக் காயவைத்து, அதை அகற்றத்தான் போகிறோம். (2021-ல் கொரோனாவை ஒட்டிப் பரவிய 'கருப்புப் பூஞ்சை' நோய் வேறு; சுவர்க்கறையைப் பார்த்து அந்தப் பயம் வேண்டாம்.)

வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கரைந்தால் உப்பு, பூஞ்சை அல்ல. ஆனால் ஓதம் இருக்கிறது. அந்த ஓதம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது: பாத்ரூம் டைல் இடுக்கு, உள்ளே கசியும் பைப், வெளிச்சுவர் விரிசல் என்று தேட வேண்டும். வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்காற்றின் ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஊசிகளைச் சுவரில் பதித்துப் பார்க்கும் ஈரப்பத மீட்டர் காட்டும் சதவீதம் மரத்துக்கானது. பூச்சுச் சுவரில் உப்பு இருந்தாலே எண் ஏறிவிடும். அதே வீட்டின் காய்ந்த உள்சுவரோடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு.

பூஞ்சையை வளர்த்துப் பார்க்க அறையில் திறந்து வைக்கும் பெட்ரி தட்டு (ஊட்டப்பொருள் பூசிய சிறு தட்டு) வீண்செலவு. எந்த வீட்டில் வைத்தாலும் ஏதாவது முளைக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஐந்து நிமிடம் காற்றை உறிஞ்சி எடுக்கும் மாதிரி அந்த ஐந்து நிமிடத்தை மட்டுமே சொல்லும். அதே நேரத்தில் வெளிக்காற்றிலும் மாதிரி எடுக்காத அறிக்கையை நம்பாதீர்கள். நாற்றம் இருந்து பூஞ்சை கண்ணில் படாதபோது மட்டும் இதை யோசிக்கலாம்.

சிறுநீரில் பூஞ்சை நச்சு தேடும் டெஸ்ட் இன்னும் மோசம். நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வழியாகவும் அந்த நச்சுகள் உடலுக்குள் போகின்றன. வீடுதான் காரணம் என்று அது காட்டாது. ஈரமான கட்டடத்தில் வசிப்பவர்களுக்கு இத்தகைய உடற்பரிசோதனையை அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் பரிந்துரைப்பதில்லை. ரத்தத்தில் பூஞ்சைக்கு எதிரான ஐஜிஜி (ஒருவகை எதிர்ப்புப் புரதம்) கூடியிருந்தால் பூஞ்சையோடு தொடர்பு இருந்தது என்று மட்டுமே பொருள், நோய் என்றல்ல.

பயன்படுவது, மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் மலிவான பீக் ஃப்ளோ மீட்டர். காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, அதிக அளவைக் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் வீட்டில், பிறகு சில நாள் உறவினர் வீட்டில். வெளியே போனதும் எண் ஏறினால் அந்தக் குறிப்போடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். அடுத்தது தோல் ஒவ்வாமைச் சோதனை. அதற்கு முன் ஒரு வாரம் செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் கூடாது. போட்டால் ஒவ்வாமை இருந்தும் இல்லை என்று வரும். மருந்துக்கு அடங்காத ஆஸ்துமா என்றால் ரத்தத்தில் மொத்த ஐஜிஇ-யும் (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்), ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சைக்கான ஐஜிஇ-யும் கட்டாயம் பார்க்க வேண்டும். கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்றம் செய்தவர் போன்ற எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் எந்த முடிவுக்கும் காத்திராமல் அந்த வீட்டைவிட்டு மாறிவிட வேண்டும்.

பூஞ்சை பத்துச் சதுர அடிக்குள் இருந்தால் நீங்களே அகற்றலாம்: என்95 மாஸ்க் போட்டு, ஈரப்படுத்திய பிறகே சுரண்டுங்கள். பிளீச்சிங் கரைசலோடு பாத்ரூம் ஆசிட் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.