ஒரே மண், ஒன்பது எண்கள்

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வெட்டியிருந்த மேட்டைப் பார்க்கப் போயிருந்தேன். தடுப்புச் சுவர் கட்ட வந்த மேசன் பாஸ் கேட்டார்: "சேர், இந்த மண்ணு எவ்வளவு தள்ளும்? ஒரு கணக்கைச் சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி கட்டிடுறேன்."

"எந்தப் பக்கம் தள்ளுறதைக் கேக்குறீங்க பாஸ்?" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு எண்ணியும் காவியும் பழக்கம். எண்ணியான வெப்பநிலைக்கு ஓர் எண் போதும். காவியான காற்றுக்கு வேகத்தோடு திசையும் வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் தகைப்பு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, இந்த இரண்டிலும் அடங்காது. அது டென்சர் என்ற இன்னொரு வகை. மண்ணை எந்தச் சாய்வில் வெட்டிப் பார்க்கிறோம் என்பது ஒரு திசை. அந்த வெட்டின் மேல் விசை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது இன்னொரு திசை. வெட்டைக் கொஞ்சம் சாய்த்தால் விசையும் மாறும்.

மேட்டுக்குள் தாயக்கட்டை அளவில் ஒரு மண்கட்டியைக் கற்பனை செய்யுங்கள். மூன்று திசைகளைப் பார்த்த முகங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று திசை விசை. ஆக ஒன்பது எண்கள். (இப்படி அடுக்கிய எண் சதுரத்துக்கு எங்கள் பாடநூல்களில் பெயரே தாயம்தான்!) கட்டி தானாகச் சுழலக்கூடாது என்பதால் அவற்றில் ஆறு தெரிந்தால் போதும். எந்தச் சாய்வில் வெட்டினாலும் விசை என்ன என்பதை இவற்றிலிருந்தே கணிக்கலாம் என்று 1822இல் கோஷி என்ற பிரெஞ்சுக்காரர் காட்டினார். இப்படிப்பட்ட அளவுக்கு இன்றைய பொருளில் டென்சர் என்ற பெயரை 1898இல் வோல்டெமார் ஃபோக்ட் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் வைத்தார். இழுத்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்த ஒன்பது எண்களும் டென்சர் அல்ல. நான் அச்சுகளை ரோட்டுக்கு நேராக வைப்பேன், இன்னொருவர் மலைச் சாய்வுக்கு நேராக வைப்பார். எங்கள் எண்கள் வேறு வேறாக வரும், மலைக்கு அது தெரியாது. ஒருவர் எண்களை மற்றவர் எண்களாக மாற்ற ஒரு நிச்சயமான விதி உண்டு. அந்த விதிப்படி மாறுவதுதான் டென்சர். மூலைவிட்ட எண்கள் மூன்றின் (ஒவ்வொரு முகத்தையும் நேராக அழுத்துபவை) கூட்டுத்தொகை போன்ற சில மட்டும் அச்சை எப்படித் திருப்பினாலும் அப்படியே நிற்கும். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் எண்களை அடுக்கிய எந்தப் பெட்டியையும் டென்சர் என்பார்கள். அவர்கள் வசதி அது.

சரி, மழைக்கு வருவோம். 30 பாகைச் சரிவு, 2 மீற்றர் ஆழ மண். அதன் அடியில், சரிவுக்கு இணையான தளத்தை மண் அழுத்துவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோநியூட்டன். கீழே இழுப்பது 17. மண் துகள்கள் உரசிப் பிடிக்கும் அளவைக் காட்டும் உராய்வுக் கோணம் 35 பாகை, ஒட்டும் தன்மை இல்லை என்று வைத்தால், தாங்கும் விசை 30ஐ 0.7ஆல் (tan 35°) பெருக்க வரும் 21. மலை நிற்கும்.

இப்போது மண்ணின் கீழ்ப் பாதியில், ஒரு மீற்றர் உயரத்துக்கு நீர் ஊறிச் சரிவோடு ஓடட்டும். நீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமம். அதனால் அது மூலைவிட்ட எண்களில்தான் கை வைக்கும். அழுத்தத்தில் 7 போய் 23 ஆகும். தாங்கும் விசை 16க்கு இறங்கும். கீழே இழுக்கும் 17இல் ஒரு துளி குறையாது. மலை இறங்கும். பதுளை மாவட்டத்து மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியதற்கு முன்னும் கடும் மழைதான். வெயில் நாளில் மேட்டைத் தட்டிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

பாஸுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. சுவரைத் தடிப்பாக்குவதற்கு முன் நீர் வடியும் குழாய்களை வையுங்கள், பின்னால் கருங்கல் ஜல்லி போடுங்கள், மேலே தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவாக வையுங்கள் என்றேன். அவர் தடி ஒன்றை எடுத்து, மேலே அடைத்துக் கிடந்த கானைக் குத்திப் பார்க்கத் தொடங்கினார். தண்ணீர் சுவர் பக்கமாகத்தான் கசிந்து வந்தது.